வேப்பம் புண்ணாக்கும் வெள்ளை உப்பும்

நேற்று நாமக்கல்லில் உரக்கடைக்குப் போயிருந்தேன். வேப்பம் புண்ணாக்கு மூட்டையை அவிழ்த்தார்கள். அந்தக் கசப்பு வாசம் மூக்கில் ஏறியதும், வாங்க வந்ததை வாங்காமலே வெளியே வந்துவிட்டேன். கடைக்காரர் என்ன நினைத்தாரோ! முப்பது வருஷத்துப் பயத்தை அவரிடம் எப்படிச் சொல்வது?

அப்போது எனக்கு மேட்டூர்ப் பக்கம் ஒரு சின்னக் கெமிக்கல் கம்பெனியில் லேப் வேலை. நாங்கள் செய்தது பொட்டாசியம் பெர்குளோரேட். பார்த்தால் பொடித்த உப்பு மாதிரி இருக்கும்; பச்சைத் தண்ணீரில் லேசில் கரையாது. பட்டாசுக்குப் போகும். ஒரு காலத்தில் தைராய்டுக்கு மருந்தாகக்கூடக் கொடுத்திருக்கிறார்கள். டிகிரி முடித்த ஜோரில் இதையெல்லாம் கேட்டவர், கேட்காதவர் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பேக்கிங் ஷெட்டைக் கூட்டும் சின்னுசாமி அண்ணன் ஒருநாள் கேட்டார்: "ஏனம்மிணி, இதும் உப்புதானுங்களா? தீப்புடிக்குமுங்களா?"

"உப்புதானுங்ணா. தானா எரியாதுங்க" என்றேன். பொய்யில்லை. தான் எரியாது, சூடேறினால் ஆக்ஸிஜனை வாரிக் கொடுத்துப் பக்கத்தில் இருப்பதை எரியவைக்கும். அந்த மீதிப் பாதியைச் சொல்வதற்குள் டீ வந்துவிட்டது.

எங்கள் பக்கத்தில் தென்னைக்கு உப்பு வைப்போம். கூட்டிய தூளைத் தண்ணீர்த் தொட்டியில் கொட்ட வேண்டும் என்பது கம்பெனிச் சட்டம். நல்ல உப்பு வீணாகிறதே என்று அண்ணன் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறார். ஒரு மத்தியானம் சோற்றுப் போசியைத் திறந்தபடி சந்தோஷமாகச் சொன்னார்:

"வேப்பம் புண்ணாக்கோட கலந்து வெச்சிருந்தனுங்க. கட்டி தட்டிப்போச்சு. ஊட்டுல பாவாயி இன்னைக்குக் கடப்பாரையில ஒடச்சு மரத்துக்குப் போடறேன்னா."

எண்ணெய்ப் பிசுக்குள்ள புண்ணாக்கு, அதில் இந்த உப்பு, மேலே இரும்பு! ஓர் அடியிலேயே வெடித்துவிடலாம். செல்போன் இல்லாத காலம். அவருடைய மொபெட்டில் தொற்றிக்கொண்டு, மீதிப் பாதியை அப்போதுதான் சொன்னேன். அவர் ஆக்ஸிலேட்டரைக் கடைசிவரை முறுக்கினார். வழியெல்லாம் புகை தெரிகிறதா என்றே பார்த்துக்கொண்டு போனேன். யார் வீட்டு அடுப்புப் புகை தெரிந்தாலும் உயிர் போய்விட்டு வந்தது.

அவருடைய மனைவி வாசல் கல்லில் கட்டியை வைத்துக் கடப்பாரையை ஓங்கியிருந்தார்.

"அக்கா, அடிக்காதீங்க!"

மூன்று பேரும் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினோம். அக்கா சாவகாசமாகச் சொன்னார்: "ரெண்டு கட்டி ஒடச்சனுங்க சாமி. சொர்ருனு பொறி பறந்துச்சு. இரும்பு கல்லுல பட்டுதாக்கும்னு இருந்துட்டேன்."

நான் அந்த ஈரத்திலேயே உட்கார்ந்து அழுதேன்.

நனைந்ததை வாளியில் அள்ளிக் கம்பெனிக்கே கொண்டுவந்தோம். தென்னைக்கு வைக்கலாம் என்று யார் சொன்னது என்று விசாரித்தார்கள். "ஆரும் சொல்லலீங்க, எனக்காத் தோணுச்சு" என்றார் அண்ணன். அன்றைக்கே அவரை வேலையை விட்டு நிறுத்தினார்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன். என் வேலையும் போய்விடுமோ என்ற பயத்தில் வாயைத் திறக்கவில்லை.

கம்பெனியை மூடி வருஷக்கணக்காகிறது. அந்த இடத்தில் இப்போது ஏதோ குடோன். பாவாயி அக்கா முன்னமே போய்விட்டார். அண்ணனும் போன ஆடியில் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். ஒரு தடவை நேரில் போய், "என் தப்புங்ணா" என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். ஒரே பஸ்தான்.