வாயில் தண்ணீரோடு செய்த ஜெபம்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டிருந்த ஒரு திங்கட்கிழமை காலையில், வகுப்பில் எழுந்து நின்று வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை.

தொண்டையைச் செருமிப் பார்த்தேன். மறுபடியும் திறந்தேன். கரகரப்புகூட இல்லை, வெறும் காற்றுதான் வந்தது. எதிரே இருந்த பெண்கள் நான் ஏதோ விளையாட்டுக் காட்டுகிறேன் என்று சிரித்தார்கள். பிறகு என் முகத்தைப் பார்த்ததும் ஒவ்வொருத்தியாகச் சிரிப்பை நிறுத்தினார்கள்.

யுத்தம் தொடங்குவதற்கு முந்திய வருஷம் அது. மதுரைப் பக்கம் செல்லூரில் ஒரு மிஷன் டிரெயினிங் பள்ளியில் நான் தமிழ் ஆசிரியை. ஆசிரியை வேலைக்குப் படிக்கிற பெண்களுக்கு உச்சரிப்புப் பயிற்சி கொடுப்பதுதான் எனக்கு முக்கியமான வேலை. திருமங்கலத்திலிருந்தும் அலங்காநல்லூரிலிருந்தும் வந்து விடுதியில் தங்கிப் படிப்பார்கள். நாக்கு எங்கே தொடவேண்டும், உதடு எவ்வளவு திறக்கவேண்டும் என்று என் வாயையே பிளந்து காட்டிச் சொல்லிக்கொடுப்பேன். யாராவது வார்த்தையைத் தேய்த்துப் பேசினால் எனக்குப் பொறுக்காது. எங்கள் போதகர் பிரசங்கத்தில் ஓர் எழுத்து வழுக்கினாலும் என் முகம் சுளித்துவிடும். பாவம், அவர் நான் இருக்கும் பக்கம் பார்க்காமலே பிரசங்கம் பண்ணப் பழகிக்கொண்டார்.

பள்ளியைச் சுற்றிலும் தறிக்கூடங்கள். விடிந்ததிலிருந்து பொழுது அடைகிற வரைக்கும் தறி ஓடிக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்துக்கு மேலே என் சத்தம் போகவேண்டும் என்பதால், வருஷக்கணக்காக அடித்தொண்டையிலிருந்து கத்தித்தான் பாடம் நடத்தினேன். கடைசி பெஞ்சுக்கும் கேட்கிறது என்பதில் எனக்கு ஒரு பெருமை வேறு.

நான் விதவை. பிள்ளை இல்லை. அண்ணன் வீட்டில் இருந்தேன். அண்ணனும் மதினியும் ஒருநாளும் முகம் கோணியதில்லை. ஆனாலும் அந்த வேலைதான் எனக்கு எல்லாம். அதை விட்டால் நான் யாரென்று எனக்கே சொல்லத் தெரியாது. தலைமை ஆசிரியை அம்மாள் என்னைக் கூப்பிட்டு, பக்கத்தில் உட்காரவைத்து, தயவாகத்தான் சொன்னார்: "கிறிஸ்துமஸ் லீவு முடிஞ்சு பள்ளிக்கூடம் திறக்கட்டும் ஞானம். அதுக்குள்ளே குரல் வரலைன்னா வேற ஆளைப் பார்க்கவேண்டி வரும்." இரைந்து சொல்லியிருந்தால் கோபப்பட்டிருப்பேன். தயவாகச் சொன்னதால் இடிந்துபோனேன்.

மதினி தன் வைத்தியம் எல்லாம் செய்து பார்த்தாள். மிளகுக் கஷாயம், சித்தரத்தை, பனங்கற்கண்டு என்று ஒன்றையும் விடவில்லை. "மூக்கைப் புடிச்சிக்கிட்டுக் குடி தாயி, காரம் தெரியாது" என்பாள். காரம் நன்றாகவே தெரிந்தது. குரல் மட்டும் வரவில்லை.

மிஷன் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா இருந்தார். என்னைவிட இளையவர், நம் விசுவாசத்தில் உள்ளவர்தான். நெற்றியில் ஒரு வட்டக் கண்ணாடியைக் கட்டிக்கொண்டு, நீளக் காம்பில் இருந்த சின்னக் கண்ணாடி ஒன்றைத் தொண்டைக்குள் விட்டுப் பார்த்தார். உள்ளே ரணமாக இருக்கிறது, பேசவே கூடாது, மாதக் கடைசியில் திரும்ப வாருங்கள் என்றார்.

நான் பேசவில்லை. சோறு வேண்டுமென்றாலும் சிலேட்டில் எழுதித்தான் காட்டினேன். ஜெபித்தேன். ஜெபிக்காமல் வேறு என்ன செய்வேன்? எங்கள் சபையில் மனசுக்குள் ஜெபிக்கிற வழக்கமே கிடையாது. வாயால் சொன்னால்தான் அது ஜெபம். சும்மா கண்ணை மூடி உட்கார்ந்திருந்தால் தூங்குகிறாள் என்பார்கள், இல்லாவிட்டால் விசுவாசத்திலிருந்து பின்வாங்கிப்போனாள் என்பார்கள். குரல்தான் இல்லையே, அதனால் கிசுகிசுத்தேன். விடியுமுன் எழுந்து, மத்தியானம், படுக்கப்போகும்போது. கிசுகிசுப்பானாலும் ஆண்டவரிடம் வார்த்தையைத் தேய்க்க எனக்கு மனம் வரவில்லை. ஒவ்வோர் எழுத்தையும் வகுப்பில் சொல்வதுபோல அழுத்தித் திருத்தமாகச் சொல்லி ஜெபித்தேன். சபைப் பெண்கள் வந்து, "இன்னும் ஊக்கமா ஜெபிங்க டீச்சரம்மா" என்றார்கள். இன்னும் ஊக்கமாக ஜெபித்தேன். தொண்டை இன்னும் எரிந்தது.

மாதக் கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மதினியும் துணைக்கு வந்தாள். டாக்டரம்மா கண்ணாடியை விட்டுப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"ஆறவே இல்லையே. முன்னைவிட மோசமா இருக்கு. நீங்க பேசுறீங்க டீச்சரம்மா."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சிலேட்டு நிறைய 'இல்லை' என்று எழுதி அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

மதினி எனக்குப் பரிந்து பேசினாள். "பொய் சொல்லக்கூடாது டாக்டரம்மா, அது ஒரு வார்த்தை பேசல. ஜெபத்துக்கு மட்டுந்தான் வாயத் தொறக்கும்."

"ஜெபம் எப்படிப் பண்ணுவாங்க?"

"குசுகுசுன்னுதான். விடியமுன்ன எந்திரிச்சா அம்புட்டு நேரம் பண்ணும். சத்தமே வராது. ஆனா ஒரு எழுத்து தேயாது. அடுப்படியில இருந்தே எனக்குத் தெளிவாக் கேக்கும்." மதினி இதைப் பெருமையாகச் சொன்னாள்.

டாக்டரம்மா கையிலிருந்த கண்ணாடியைக் கீழே வைத்தார். "டீச்சரம்மா, அதுதான் உங்க தொண்டையைக் கெடுக்குது. இப்படி அழுத்திக் குசுகுசுக்கிறது, பேசுறதைவிடத் தொண்டைக்குக் கஷ்டம். சுளுக்கின காலோட நொண்டி நொண்டி ஊரைச் சுத்துற மாதிரி. அதுக்கு ஆறுறதுக்கு எங்கே நேரம் இருக்கு?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. குரலைத் தாரும் என்று எந்த வாயால் கெஞ்சினேனோ, அந்தக் கெஞ்சலே குரலைத் தின்றுகொண்டிருந்ததா? 'ஜெபிக்கக் கூடாதா?' என்று எழுதினேன். அழுத்தி எழுதியதில் பலப்பம் ஒடிந்துபோனது.

"ஜெபிங்க. வாய மட்டும் விட்டுருங்க" என்றார்.

ஜட்காவில் வீடு திரும்பினோம். பாலத்துக்குக் கீழே வைகையில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. மதினி என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். எனக்கு அழுகைகூட வரவில்லை. ஆண்டவர்மேல் கோபம்தான் வந்தது. உம்மைக் கூப்பிட்டதற்கா இந்தத் தண்டனை என்று மனசுக்குள் கேட்டேன். பதில் இல்லை.

மறுநாள் விடியுமுன் முழங்காலில் நின்று, வாயை மூடிக்கொண்டு ஜெபிக்கப் பார்த்தேன். முடியவில்லை. நாக்கு தானாக அசைந்தது. எத்தனை வருஷப் பழக்கம். கடைசியில் எழுந்துபோய்ச் செம்பிலிருந்து ஒரு வாய் தண்ணீரை எடுத்து, விழுங்காமல் அடக்கிக்கொண்டு வந்து நின்றேன். இனி நாக்கு எப்படி அசையும், பார்க்கலாம் என்று.

மதினி எட்டிப் பார்த்தாள். "என்ன தாயி, பல்லு வலியா?" என்றாள். சிரித்தால் தண்ணீர் போய்விடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

ஜெபத்தில் ஒன்றும் வரவில்லை. வாக்கியம் இல்லை, வார்த்தை இல்லை. திருத்தமாகச் சொல்ல எதுவுமே இல்லாமல் வெறுங்கையோடு நின்றேன். பயமாக இருந்தது. தெருவில் முதல் தறி ஓடத் தொடங்கியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை காலமும் நான் ஆண்டவருக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்திருக்கிறேன். கடைசி பெஞ்சில் இருக்கிறவரைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டிருக்கிறேன். அவர் பக்கத்திலேயே இருந்தார். அன்று அழுதேன். தண்ணீரைத் துப்பிவிட்டு, சத்தமில்லாமல் அழுதேன்.

அதன்பிறகு தினமும் அப்படித்தான். கிறிஸ்துமஸ் ஆராதனையில் எல்லாரும் பாட, நான் பாடாமல் நின்றேன். பள்ளி திறக்கும் நாள் நெருங்கிக்கொண்டே வந்தது.

புது வருஷம் பிறந்து சில நாள் ஆகியிருந்தது. காலையில் அடுப்படி வாசலில் உட்கார்ந்து, மடியில் சுளகு வைத்துப் பயறு ஆய்ந்துகொண்டிருந்தேன். கவனம் முழுக்கப் பயற்றில். மதினி உள்ளேயிருந்து, "கஞ்சி குடிக்கிறியா?" என்றாள்.

"ம்" என்றேன்.

உள்ளே அகப்பை விழுந்த சத்தம் கேட்டது. மதினி ஓடிவந்து என் முன்னால் நின்றாள். அவள் வாய் திறந்திருந்தது, அவளுக்குத்தான் குரல் வரவில்லை. எனக்குத் திக்கென்றது. சுளகு மடியிலிருந்து சரிந்து பயறெல்லாம் கொட்டிப்போனது. நான் முயற்சி பண்ணவில்லை. கேட்கவில்லை. ஒரு வாய்க் கஞ்சிக்குப் பதில் சொன்னேன், அதில் என் குரல் இருந்தது.

"இன்னொருக்கா சொல்லு தாயி" என்று மதினி அழுதாள். நான் சொல்லவில்லை. அவ்வளவு புத்தி அதற்குள் வந்திருந்தது.

டாக்டரம்மா பார்த்துவிட்டு, முதலில் அந்த 'ம்' மட்டும், பிறகு ஒன்றிரண்டு மெல்லிய வார்த்தை என்று படிப்படியாகப் பழக்கினார். பள்ளி திறந்த அன்று தாழ்ந்த குரலில் ஒரு பாடம் நடத்தினேன். பெண்கள் தாங்களாகவே பெஞ்சுகளை இழுத்துக்கொண்டு முன்னால் வந்தார்கள். தலைமை ஆசிரியை அம்மாள் வாசலில் நின்று கேட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

இது டாக்டர் செய்த வைத்தியம்தானே என்று கேட்கிறவர்கள் உண்டு. வைத்தியம்தான். அந்த டாக்டரம்மாவுக்காக நான் ஆண்டவரைத் தினமும் ஸ்தோத்திரிக்கிறேன். ஆனால் எனக்குத் தெரியும். ஆண்டவர் முதலிலிருந்தே பதில் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார், நான்தான் பேச்சை நிறுத்தவில்லை.

இப்போது டிரெயினிங்குக்கு வருகிற பெண்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவேன். தறியோடு போட்டிபோடாதீர்கள். பிள்ளைகளை அருகே கூப்பிட்டுக்கொள்ளுங்கள். வாயை நன்றாகத் திறவுங்கள், தொண்டையை இறுக்காதீர்கள். பாடத்துக்கு நடுவே தண்ணீர் குடியுங்கள். குரல் கம்மினால் கிசுகிசுக்காமல் சும்மா இருங்கள். போதகரும் இப்போது என் பக்கம் பார்த்துப் பிரசங்கம் பண்ணுகிறார்.

இதை வாசிக்கிற சகோதர சகோதரிகளே, உங்கள் துன்பம் என்னவென்று எனக்குத் தெரியாது. வியாதியாக இருக்கலாம், வீட்டுச் சண்டையாக இருக்கலாம். கேட்டுக் கேட்டு வாய் ஓய்ந்துபோயிருந்தால், ஓய்ந்தே இருக்கட்டும். நாளை காலையில் ஒரு வாய் தண்ணீரை அடக்கிக்கொண்டு ஆண்டவர் முன்னால் சும்மா உட்காருங்கள். கத்தவேண்டியதில்லை. அவர் கடைசி பெஞ்சில் இல்லை.