கம்பத்துக்கும் வீட்டுக்கும் இடையே

என் தமக்கையாரின் முதலாம் ஆண்டு நினைவு நாளில் இம்மலரைப் பெறும் உறவினர்க்கும் நண்பர்க்கும் வணக்கம். அவர் வாழ்ந்ததைச் சுருக்கமாகவும், இறுதி மாதங்களில் நடந்ததைச் சற்று விரிவாகவும் எழுதுமாறு அவருடைய மகன் என்னைக் கேட்டுக்கொண்டார். மின்னியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். ஆகவே இடையில் கணக்கும் வரும், பொறுத்தருள்க.

தமக்கையார் பிள்ளைப்பாக்கத்தில் பிறந்து, மணமாகி ஸ்ரீபெரும்புதூர் சென்றார். கம்பெனிப் பேருந்து ஓட்டிவந்த அவர் கணவர் நடுவயதிலேயே காலமானார். அதன்பின் ஒரகடம் செல்லும் பேருந்துகள் நிற்குமிடத்தில் தகரக் கொட்டகை போட்டு, விறகடுப்பு மூட்டி, முதல் ஷிப்டுக்குப் போகிறவர்களுக்கு இட்லி விற்றார். மகனை ஆளாக்கியது அந்த அடுப்பு. நுரையீரலைக் கெடுத்ததும் அதுவே.

"ரொம்ப வருஷம் புகையில இருந்தீங்களாம்மா?" என்று மருத்துவர் கேட்டபோது, "புகை இல்லாம இட்லி எப்பிடிங்க வேவும்?" என்று திருப்பிக் கேட்டார்.

அதற்குள் அவர் பிள்ளைப்பாக்கத்துக்கே திரும்பி, தம் பங்கு நிலத்தில் வரிசையாக அறைகள் கட்டி, தொழிற்சாலையில் வேலை செய்யும் பெண்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். நோய் இன்னதென்று தெரிந்த அன்றே ஒவ்வோர் அறைக்கும் ஓர் இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கி வைத்தார். அந்தப் பெண்கள் புகையில் நிற்கக் கூடாது என்பது அவர் போட்ட ஒரே சட்டம்.

சென்ற ஆண்டுக் கோடையில், காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் இயந்திரத்தின் துணையின்றி அவரால் மூச்சுவிட இயலாத நிலை வந்தது. வீட்டுக்கும் அதை ஒட்டிய அறைகளுக்கும் ஒரே மின் இணைப்பு என்பதால், மாலையில் பெண்கள் சமைக்கத் தொடங்கியதும் மின்னழுத்தம் சரியும். ஸ்டெபிலைசரின் எல்லைக்கும் கீழே இறங்கும். இன்வர்ட்டரும் போதிய சார்ஜ் ஏறாமல் கைவிடும். இயந்திரம் கூவி நின்றுவிடும். உடனே ஆக்சிஜன் சிலிண்டரைத் திறப்போம். அது தீர்வதற்குள் மின்சாரம் சரியாக வேண்டும்.

அவர் மகன் பொறுமை இழந்தார். "மாமா, அந்த அடுப்பையெல்லாம் எடுத்துடலாம். இல்லன்னா ரூமைக் காலி பண்ணச் சொல்லிடலாம். அம்மா மூச்சை வுட அதுங்க சோறு முக்கியமா?"

கட்டிலிலிருந்தே தமக்கையார் பதில் சொன்னார்: "பன்னெண்டு மணி நேரம் நின்னுட்டு வர்ற பொண்ணுங்கள வெளிய அனுப்பிட்டு, நான் மூச்சு வுட்டு இன்னா கிழிக்கப் போறேன்? அடுப்புல கை வெச்சே, மூக்குல கீற குழாயப் புடுங்கிப் போட்டுடுவேன்."

சொன்னால் செய்கிறவர் என்பதை உறவினர் அனைவரும் அறிவர். ஆகவே, அடுப்புகள் எரியவும் வேண்டும், இயந்திரம் ஓடவும் வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரே வழி அளந்து பார்ப்பது. கம்பியைக் கவ்வி அளக்கும் மீட்டரை எடுத்துவந்தபோது தமக்கையார் கேட்டார்:

"இன்னாடா அது, கிடுக்கி மாதிரி?"

"எவ்வளவு கரண்ட் ஓடுதுன்னு அளக்கிறதுக்கு, அக்கா."

"நான் எவ்ளோ இழுக்கறேன்?"

"முந்நூத்தம்பது வாட்."

"மிக்சி?"

"ஐந்நூறு இருக்கும்."

"அப்ப மிக்சிய வுட நான் சிக்கனம். உன் மருமவன்கிட்டச் சொல்லு."

சிரிப்பு இருமலாகி, அடங்க நெடுநேரம் ஆயிற்று.

அவரைச் சிலிண்டருக்கு மாற்றிவிட்டு வீட்டில் எல்லாவற்றையும் நிறுத்தினேன். மின்னழுத்தம் 212 வோல்ட். இரண்டு அடுப்புகளை ஏற்றச் சொன்னேன். மின்னோட்டம் 12 ஆம்பியர். மின்னழுத்தம் 176க்கு விழுந்தது. இழப்பு 36 வோல்ட். அதனைப் பன்னிரண்டால் வகுத்தால் தடை மூன்று ஓம். கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் அத்தனை சிறிய தூரத்துக்கு அரை ஓமே அதிகம். மின்னழுத்த இழப்பை மின்னோட்டத்தால் பெருக்கினால் திறன்: 36ஐப் பன்னிரண்டால் பெருக்க, 432 வாட். தமக்கையாரின் மூச்சுக்குத் தேவைப்பட்டதைவிட அதிகமான மின்சாரம் வழியிலேயே வெறும் சூடாகிக்கொண்டிருந்தது. குற்றம் அடுப்புகளுடையது அன்று.

மறுநாள் லைன்மேன் கம்பத்தில் ஏறிப் பார்த்துவிட்டு மேலிருந்தே கத்தினார்: "சார், ஜாயிண்டு கரியாப் பூட்டுகீது! தொட்டா உதுருது. இன்னும் கொஞ்ச நாள் வுட்டுருந்தா கரண்டு நடந்துதான் வூட்டுக்கு வந்துருக்கும்."

கம்பியை மாற்றிய பின் அதே அடுப்புகளை ஏற்றி அளந்தேன். இழப்பு ஆறே வோல்ட். அறைகளில் இருந்த பெண்களை அழைத்து, இனி அஞ்சாமல் சமைக்கலாம் என்று கணக்கோடு விளக்கினேன். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த முத்துலட்சுமி, "சரி தாத்தா" என்றாள்.

அதன்பின் இயந்திரம் ஒரு மாலையிலும் நிற்கவில்லை. நுரையீரல்தான் நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டு வந்தது. பேச்சு குறைந்தது. விளக்கேற்றும் வேளையில் மட்டும் கேட்பார்: "பொண்ணுங்க சமைக்குதுங்களா?"

ஸ்டெபிலைசரில் எண் சரியாமல் நிற்பதைப் பார்த்து, "சமைக்கிறாங்க அக்கா. வோல்டேஜ் அசையவே இல்ல" என்பேன். கண்ணை மூடிக்கொள்வார்.

ஒரு நண்பகலில், இயந்திரம் குறையின்றி ஓடிக்கொண்டிருக்கையிலேயே அவர் மூச்சு நின்றது. நான்தான் அதை அணைத்தேன்.

கம்பமேறிய லைன்மேனுக்கும், சிலிண்டர் சுமந்துவந்த அண்டை வீட்டாருக்கும், இரவு பகல் பாராத செவிலியர்க்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்னும் ஒரு நன்றி எஞ்சியிருக்கிறது. பதினாறாம் நாள் உணவின்போது, நம் வீட்டுச் சோற்றை அந்தப் பெண்கள் உண்ட விதத்தைக் கண்டு, அறையில் என்ன சமைக்கிறீர்கள் என்று கேட்டேன். கம்பி மாற்றிய பிறகும் அவர்கள் ஒருநாள்கூட அடுப்பை ஏற்றவில்லை. கேண்டீனில் ஒருவேளை, மற்ற வேளைக்கு ரொட்டி.

"நான்தான் கணக்குச் சொன்னேனே அம்மா?"

"கணக்கு வெளங்கிச்சு தாத்தா," என்றாள் முத்துலட்சுமி. "ஆனா செவுத்துக்கு அந்தப் பக்கம் ஆச்சி மூச்சு வாங்குத சத்தம் கேக்கும். சுவிட்ச போடக் கை வரல."

மாலைதோறும் நான் தமக்கையாருக்குச் சொன்ன விடை உண்மையன்று என்பதை அப்போதுதான் அறிந்தேன். உண்மை தெரிந்திருந்தால் அவர் குழாயைக் கழற்றியிருப்பார். அதை அவர் அறியாதபடி அந்தப் பெண்கள் காத்தார்கள்.

அடுப்புகள் அறைகளிலேயே இருக்கின்றன. இந்த ஓராண்டாக அவை ஏற்றப்படாமல் துடைத்துத்தான் வைக்கப்பட்டிருக்கின்றன என்று கேள்விப்படுகிறேன். அருள்கூர்ந்து இன்று மாலை அவற்றை ஏற்றிச் சமையுங்கள் என்று தமக்கையாரின் குடும்பத்தார் சார்பில் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.