முன் பம்பரில் அஞ்சலை

நெமிலிச்சேரிப் பக்கம் இன்னுமா நெல் போடுகிறார்கள் என்று கேட்காதீர்கள். அடுக்குமாடிகள் நாலு பக்கமும் எழும்பி நின்றாலும், ஏரித் தண்ணீரை நம்பிப் பிடிவாதமாகப் பயிர் வைக்கிற சில குடும்பங்கள் இருக்கத்தான் செய்கின்றன. அவர்களுக்கு உழுது கொடுத்தவன் சம்பந்தம். அவன் டிராக்டரின் முன் பம்பரில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருவாள் அவன் மனைவி அஞ்சலை. பார்த்தவர்கள் சிரித்தார்கள், புதுமாப்பிள்ளை பொண்ணு ஊர்கோலம் போகுது பார் என்று கிண்டலடித்தார்கள். அட, அவள் ஊர்கோலம் போகவா அங்கே ஏறினாள்? பாரத்துக்காக ஏறினாள்.

விஷயம் இதுதான். சம்பந்தத்தின் வண்டி முப்பத்தைந்து எச்.பி. அதன் பலத்துக்கு, பின்னால் மாட்டி மண்ணைக் கிளறுகிற ரோட்டவேட்டர் ஐந்தடியில் இருந்தால் போதும். இவன் போய் ஆறடி அகலத்தில், பழையது ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தான். அதை வண்டியில் மாட்டிக் கொடுத்த பூந்தமல்லி மெக்கானிக் முகமது இஸ்மாயில் அன்றைக்கே தலையில் அடித்துக்கொண்டான்.

"அண்ணாத்தே, இது அம்பது எச்.பி. வண்டிக்குப் போடற சாமான். ஒன் வண்டி மூச்சு வாங்கிகினு எப்படியோ சுத்திடும்னு வெச்சுக்கோ. ஆனா கரை ஏற சொல்லோ இத்தத் தூக்குனா முன்சக்கரம் தரையில நிக்காது. அப்பால ஸ்டியரிங்க வெச்சுகினு இன்னா பண்ணுவே?"

"எல்லாரும் எத்தினி அடின்னுதான் கேக்கறான் இஸ்மாயிலு. வண்டி எத்தினி எச்.பி.ன்னு எவனாவது கேக்கறானா?" என்றான் சம்பந்தம்.

அவன் சொன்னதிலும் பொய்யில்லை. ஆறடி என்றால் சீக்கிரம் முடியும் என்று கூப்பிடுவார்கள், ஐந்தடி என்றால் யோசிக்கலாம் என்பார்கள். அதனால் ஆறடியையே ஓட்டினான். வண்டி கறுப்புப் புகையைக் கக்கியது. வரப்பு வந்தால் முன்சக்கரம் துள்ளியது. முன்பக்கம் பாரத்துக்கு மணல் மூட்டையைக் கட்டிப் பார்த்தான், அது சேற்றில் நழுவி விழுந்தது. இந்த வட்டாரத்தில் இதற்கென்று ஒரு பாழாய்ப்போன வழக்கம் உண்டு, முன்னால் ஓர் ஆளை உட்கார வைத்துவிடுவார்கள். ஆள் தேடி அலைந்தவனிடம் அஞ்சலைதான் சொன்னாள்.

"யோவ், இத்தப் போயி ஊரெல்லாம் தேடிகினு கீறே? நான் இல்ல?"

அஞ்சலை பருத்த உடம்புக்காரி. சின்ன வயதிலிருந்தே அந்த உடம்பை வைத்து அவளைக் கேலி செய்யாதவர்கள் கிடையாது. கல்யாணப் பந்தியில்கூட இலையைப் பார்த்துச் சிரிப்பார்கள். அதே உடம்பு முதல்முறையாக ஒன்றுக்கு உதவியது. அவள் ஏறி உட்கார்ந்ததும் முன்சக்கரம் அடங்கி நின்றது. சம்பந்தம் பின்னாலிருந்து, "நீ உக்காந்தாதாம்மே வண்டி சொன்ன பேச்சு கேக்குது" என்று கத்தினான். அன்றைக்கு அவளுக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வது! புருஷனுக்குத் தான் வேண்டும் என்கிற சந்தோஷம் அது. பட்டாபிராம் வரை அப்படியே போய் வந்தாள்.

பிறகு அவளுக்குச் சர்க்கரை வந்தது. மாத்திரையும் கேழ்வரகுக் கூழுமாக இருந்ததில் உடம்பு வற்றியது. ரவிக்கை தொளதொளத்தது. "இன்னாமே, கல்யாணப் பொண்ணாட்டம் ஆயிட்டே" என்று சம்பந்தம் சீண்டினான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. முன்பு அசையாமல் இருந்த பம்பர் இப்போது சின்ன வரப்புக்கே தன் அடியில் எழும்புவது அவளுக்குத் தெரிந்தது. சொன்னால் இறக்கிவிட்டு வேறு ஆளை ஏற்றுவானே என்ற பயத்தில் வாயைத் திறக்கவில்லை. ஐயோ பாவம், ஆளை மாற்றினாலும் அந்த ஆறடிக்கு அந்த வண்டி பொருந்தாது என்று அவளுக்கு யார் சொல்வது?

புரட்டாசியில் ஒருநாள் மழை விட்டதும் ஒரு வயலை உழுது முடித்துச் சாலைக்கு ஏறினார்கள். கரை செங்குத்து. ரோட்டவேட்டரைத் தூக்கிக்கொண்டு சம்பந்தம் ஆக்ஸிலரேட்டரை மிதித்தான். முன்சக்கரங்கள் எழும்பின. எழும்பிக்கொண்டே போயின. அஞ்சலை பக்கவாட்டில் சறுக்கிச் சேற்றில் விழுந்தாள். அவள் தலையைத் தூக்கிப் பார்ப்பதற்குள் வண்டி பின்பக்கமாகக் கவிழ்ந்திருந்தது. சம்பந்தம் அடியில் கிடந்தான். ஆட்கள் ஓடிவந்து இழுத்து எடுத்தபோது உயிர் இல்லை.

காரியம் முடிகிற வரை அவள் ஒரே பேச்சைப் பேசினாள். "நான் இளைச்சுட்டேன். அவருகிட்ட சொல்லல. நான்தான் கொன்னுட்டேன்." இஸ்மாயில் தினமும் வந்து எதிரில் உட்கார்ந்து ஒன்றையே சொன்னான். "அண்ணி, ஒன் மேல தப்பு இல்ல. நீ பழைய மாதிரி இருந்திருந்தா அன்னிக்கு தப்பிச்சிருப்பாரு, அடுத்த மழைக்குப் போயிருப்பாரு. கூட நீயும் போயிருப்பே. அந்த வண்டிக்கு அது பொருந்தாத சாமான்." அவள் கேட்டாள், அழுதாள், மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். அப்படி அழுதே அந்த வருஷம் போயிற்று.

டிராக்டரை இஸ்மாயிலே விற்றுக் கொடுத்தான். ரோட்டவேட்டர் மட்டும் வாசலில் கிடந்தது. போன வாரம் திருநின்றவூரிலிருந்து பச்சையப்பன் என்ற இளைஞன் அதைக் கேட்டு வந்தான். அஞ்சலை விலையைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை.

"ஒன் வண்டி எத்தினி எச்.பி.?"

"முப்பத்தஞ்சு."

"அப்ப இது ஒனக்கு ஆவாது நைனா. அஞ்சடில பாத்து வாங்கிக்கோ."

"தெரியும்கா. முன்னாடி லேசா தூக்கும், அவ்ளோதான? என் சம்சாரத்த பம்பர்ல உக்கார வெச்சுக்கறேன். அவ நல்லா வாட்டசாட்டமா இருப்பா."

அஞ்சலை அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கோபம் வரவில்லை.

"ஏம்பா," என்றாள், "அவ இளைச்சா இன்னா பண்ணுவே?"