கையில் தட்டுப்பட்ட கட்டி

இரண்டு வருடத்துக்கு முன், ஒரு மழைக்காலத்தில் நடந்தது இது. எங்களுக்குக் கிளியனூர் பக்கம். என் கணவர் திண்டிவனத்தில் பள்ளி வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். கண் மஞ்சளாக இருக்கிறதே, காமாலை என்று நினைத்து விழுப்புரத்தில் காட்டினோம். ஸ்கேன் எடுத்துவிட்டு ஈரலில் கட்டி என்றார்கள். சென்னைக்குப் போகச் சொன்னார்கள்.

ஆபரேஷன் செய்தே ஆகவேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். அவருக்குப் பயம். எனக்காகத்தான் தலையாட்டினார்.

சென்னையில் ஒரு பெண் டாக்டர் எங்களைச் சிறிய அறைக்கு அழைத்துப்போனார். ஸ்கேன் படங்களை வைத்து என் கணவரின் ஈரலை அப்படியே கம்ப்யூட்டரில் உருவாக்கியிருந்தார்கள். அவர்கள் கொடுத்த கண்ணாடியை மாட்டியதும் அது திரையை விட்டு எழுந்து எதிரே நின்றது. நீலமாகப் பெரிய ரத்தக்குழாய். அதைச் சுற்றி வளைத்தபடி கட்டி. மேஜையில் பேனா மாதிரி ஒரு கருவி. அதைப் பிடித்து நகர்த்தினால், உள்ளே தொடுவதெல்லாம் நம் கைக்குத் தெரியுமாம்.

“இதுலதான் முன்னாடியே ஆபரேஷன் பண்ணிப் பார்த்துக்குவோம். எந்தப் பக்கம் போனாலும் குழாய் கிழியுது. டேபிள்லயே உயிர் போயிடலாம். ஆனாலும் நீங்க சொன்னா முயற்சி பண்றேன்” என்றார் டாக்டர்.

நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர், “நான் ஒரு வாட்டி தொட்டுப் பாக்கலாமா மேடம்?” என்று கேட்டார்.

டாக்டர் தயங்கித்தான் கொடுத்தார். கொஞ்ச தூரம் மெத்தென்று போன இவர் கை சட்டென நின்றது. அழுத்தினார். குழாயும் சேர்ந்து இழுபட்டது. என் கையைப் பிடித்து அந்தப் பேனாவில் வைத்தார். கல்லைத் தொட்டது மாதிரி இருந்தது. இவருக்குள்ளே இருப்பதைத்தான் தொடுகிறேன் என்று உறைத்ததும் பேனாவை விட்டுவிட்டேன்.

“எப்படி ஒட்டிக்கினு இருக்குது பாரு. வாணாம்மா. வூட்டுக்குப் போலாம்” என்றார்.

நான் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அவரோடு எழுந்தேன்.

அதன் பிறகு சில மாதங்கள் இருந்தார். முடிந்த நாட்களில், அவர் ஓட்டிய வேன் வரும் நேரத்துக்கு ரோட்டோரம் போய் நிற்பார். பிள்ளைகள் ஜன்னல் வழியாகக் கத்திக் கூப்பிடுவார்கள். கொல்லையில் மல்லாட்டை, அதான் நிலக்கடலை, பிடுங்குகிற சமயம், ஒரு நாள் காலையில் நான் கஞ்சி ஆற்றிக்கொண்டு வருவதற்குள் போய்விட்டார்.

“ஆபரேஷன் பண்ணியிருந்தா என் தம்பி பொழைச்சிருப்பான். நீதான் இட்டுக்கினு வந்துட்ட” என்று என் நாத்தனார் இன்றும் அழுகிறார். என் துக்கம் தீரவில்லைதான்; ஆனால் அன்று அவர் என் கையைப் பிடித்து அதைத் தொட வைக்காமல் இருந்திருந்தால், இதே கேள்வியை எனக்கு நானே கேட்டுக்கொண்டு தினம் தினம் செத்துப் பிழைத்துக்கொண்டிருப்பேன்.