எதிர்ப்பக்கம் சாய்ந்த மாவிலை

செய்தி எனக்கு ஷிப்ட் பஸ்ஸில் வந்தது. மத்திகிரி நிறுத்தத்தில் ஏறி, ஜன்னல் சரியாக மூடாத இருக்கையில் உட்கார்ந்து, மஃப்ளரால் காதை மூடிக்கொண்டு போனைத் திறந்தேன். எங்கள் தொழிற்சாலையின் வாட்ஸ்அப் குழுவில் ரத்னாம்மாவின் படம். இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நாகரத்னா நேற்று இரவு மாரடைப்பில் காலமானார் என்று போட்டிருந்தார்கள். அதன் கீழே இன்னொரு வரி: "பொழுதுபோக்காக ஸ்வெட்டர் பின்னுவதில் ஆர்வம் கொண்டவர்." அழுகை வரவேண்டிய இடத்தில் எனக்குக் கோபம் வந்தது. பக்கத்தில் இருந்தவர் "என்னண்ணா ஆச்சு?" என்று திரும்பிப் பார்க்கும் அளவுக்கு வாய்விட்டுத் திட்டியிருக்கிறேன்.

பொழுதுபோக்காம்! அவரை அறிந்தவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். அறிந்தவர்கள் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு இன்னும் அழுத்தமாக. ரத்னாம்மா பின்னுவார், அது உண்மை. ஆனால் அவருடைய வேலை அதுவல்ல. இதுவரை இல்லாத ஒரு ஸ்வெட்டரை யோசித்து, அதை முன்பின் தெரியாத ஒருவர் எங்கோ உட்கார்ந்து பின்னும்படி வரிசை வரிசையாகக் குறிப்பு எழுதி, ஒல்லிக்கும் குண்டுக்கும் தனித்தனியே கணக்குப் போட்டு, வேறொருவரைப் பின்னவைத்துச் சரிபார்த்து, தன் பெயரில் இணையத்தில் வெளியிடுவார். வீட்டைக் கட்டும் கொத்தனார் வேறு, வரைபடம் போடும் இன்ஜினியர் வேறு என்பது நமக்கு நன்றாகத் தெரியும். ஊசியும் உல்லன் நூலும் ஒரு பெண்ணின் கையில் இருந்தால் மட்டும் அந்த வித்தியாசம் நம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது.

நான் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து ஓசூருக்குப் பிழைக்க வந்தவன். டூல் ரூமில் ஃபிட்டர். ஒருமுறை பிரஸ்ஸில் விரல்கள் நசுங்கி, கட்டுப் பிரித்த பிறகு மடங்க மறுத்தன. பயிற்சிக்காக ஒரு ஸ்பாஞ்ச் பந்தைக் கொடுத்திருந்தார்கள். கேன்டீனில் அதை அமுக்கிக்கொண்டிருந்த என்னை ரத்னாம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "இத அமுக்கிகினு இருந்தா என்னா வரப்போவுது அண்ணா? இதையாவது பண்ணுங்க, ஒரு மஃப்ளராவது வரும்" என்று பையிலிருந்து இரண்டு ஊசிகளை எடுத்து நீட்டினார். டூல் ரூமே சிரித்தது. "அண்ணனுக்கு எப்ப சீமந்தம்?" என்று கேட்காத ஆள் இல்லை. விரல் மடங்கியது. மஃப்ளரும் வந்தது. பஸ்ஸில் நான் கட்டியிருந்தது அதைத்தான்.

அதன் பிறகு அவர் எழுதும் குறிப்புகளை வெளியிடும் முன் பின்னிப் பார்க்கும் வேலையை என்னிடம் தந்தார். நன்றாகப் பின்னத் தெரிந்த பெண்கள் எத்தனையோ பேர் இருக்க, ஏன் என்னிடம் என்று கேட்டேன். "தெரிஞ்சவங்ககிட்ட குடுத்தா, தப்பு வர்ற எடத்துல அவங்களே சரி பண்ணிக்கினு போயிடுவாங்க. எனக்குத் தெரியாமயே போயிடும். நீங்க அப்புடியில்ல. எழுதி வெச்சதத் தவிர உங்களுக்கு வேற ஒன்னும் தெரியாது" என்றார். இது பாராட்டா திட்டா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் டூல் ரூமில் நான் பழகியதும் அதுதான். டிராயிங்கில் உள்ளதைச் செய்வேன். பொருந்தாவிட்டால் வரைந்தவரிடம் போய் நிற்பேன்.

அவர் வெளியிட்டவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது 'முதல் ஷிப்ட்'. மார்கழிக் குளிரில் இருட்டோடு பஸ் ஏறும் பெண்களுக்காக அவர் யோசித்த கையில்லாத ஸ்வெட்டர் அது. தலைவழியே கழற்றும் ஸ்வெட்டர் என்றால் வைத்த பூ கசங்கும். முன்பக்கம் திறக்கிற மாதிரி செய்தால் போதுமே என்றேன். "கம்பெனி ஓவர்கோட் பட்டன் மேல ஸ்வெட்டர் பட்டன் வந்தா நாளெல்லாம் நெஞ்சுல குத்தும். நீங்க போட்டுக்கினு பாருங்க, தெரியும்" என்றார். அதனால் இடது தோளிலும் இடது விலாவிலும் பொத்தான் வைத்தார். கழுத்தைச் சுற்றி மாவிலைத் தோரணம் போல ஒரு வரிசை இலைகள், எல்லாம் நடுநெஞ்சைப் பார்த்துச் சாயும். பஸ்ஸில் வரும் பெண்களை நிறுத்தி நிறுத்தி டேப் வைத்து அளந்தார். சரியில்லை என்று பிரித்துப் பிரித்துப் பின்னியதில் நூலே நைந்து போனது.

நான் பின்னி முடித்து, எல்லாம் சரி என்று சொன்ன பிறகு அவருக்கு ஒரு யோசனை வந்தது. தோள் திறப்பைக் கொஞ்சம் அகலமாக்கலாம் என்று கடைசி நேரத்தில் அந்தப் பகுதியை மட்டும் மாற்றி எழுதினார். அவசர அவசரமாக, எனக்குத் திரும்ப அனுப்பாமல் வெளியிட்டுவிட்டார். குறிப்பை வாங்கிப் பின்னிய ஒரு பெண் படம் அனுப்பியபோதுதான் தெரிந்தது: திறப்பை ஒட்டிய கடைசி மாவிலை மட்டும் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது. அன்று ரத்னாம்மா சாப்பிடவில்லை. திருத்திய குறிப்பை, வாங்கிய ஒவ்வொருவருக்கும் மன்னிப்போடு தன் கைப்பட எழுதி அனுப்பினார். இலை அழகாகத்தானே இருக்கிறது, யார் பார்க்கப் போகிறார்கள் என்றேன். முறைத்தார். "இன்ஸ்பெக்‌ஷன்ல எதுக்கு அண்ணா ஒவ்வொரு பொட்டியிலயும் பார்த்தவங்க முத்திர போடறோம்? பெருமைக்கா? தப்பு வந்தா யாரக் கேக்கறதுன்னு தெரியணும். பேரு போடறதும் அதுக்குத்தான்."

இந்த வார்த்தையை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். பிறகு உங்களுக்கும் வயிறு எரியட்டும்.

பெங்களூரில் ஒரு பெரிய கைவினைக் கடை. பெயர் சொல்லி அவர்களுக்கு விளம்பரம் தரப்போவதில்லை. அவர்கள் பளபளவென்று ஒரு பின்னல் புத்தகம் போட்டார்கள். அதில் அட்டைக்கு அடுத்த பக்கத்திலேயே 'முதல் ஷிப்ட்' இருந்தது. இடது தோள் பொத்தான், விலாப் பொத்தான், மாவிலை, எல்லாமும். பெயர் மட்டும் வேறு. 'மலைப் பெண்களின் பாரம்பரியச் சட்டை'. வடிவமைத்தவர் பெயர் இல்லை. திருட வந்தவர்கள் திருத்திய குறிப்பையாவது திருடியிருக்கலாம். பழைய குறிப்பை அப்படியே எடுத்திருந்தார்கள். எதிர்ப்பக்கம் சாய்ந்த அந்த ஒற்றை மாவிலைக்கு விளக்கம் வேறு எழுதியிருந்தார்கள்: கண்ணேறு படாமலிருக்க மலைப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக ஓர் இலையை மட்டும் மாற்றிப் பின்னுவார்களாம்! எந்த மலை? எந்தத் தலைமுறை? மத்திகிரியில் வாடகை வீட்டு மாடியில், குக்கர் சத்தத்துக்கு நடுவே அவசரத்தில் வந்த பிழை அது.

இருவரும் பஸ் ஏறிப் போனோம். கடையை நடத்தும் அம்மையார் மிகவும் மரியாதையாகப் பேசினார். காபி வரவழைத்தார். ரத்னாம்மா தன் குறிப்பை எடுத்து மேஜையில் விரித்ததும், "இதெல்லாம் பாரம்பரியம், யாருக்கும் சொந்தமில்லை. உங்கள் பாட்டிமார் பின்னியதுதானே" என்றார். ரத்னாம்மாவுக்குக் கன்னடம் தண்ணீர் பட்டபாடு. எனக்குப் புரிந்தவரை அவர் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: "எங்க பாட்டி பேரிகை ஊருல களை எடுத்தவ. அவ ஊசியப் பார்த்ததே ஆஸ்பத்திரியிலதான். இந்த எல தப்பு. தப்பு என்னுது. நான் வாங்கினவங்களுக்கெல்லாம் திருத்தம் அனுப்பிட்டேன். உங்க புக்க வாங்கினவங்களுக்கு யாரு அனுப்புவாங்க? மலை அனுப்புமா?"

அம்மையார் சிரித்தார். பிறகு, மாதம் ஒரு ஞாயிறு வந்து கடை வாசலில் கண்டாங்கிச் சேலை கட்டி உட்கார்ந்து பின்னிக் காட்ட முடியுமா, வாடிக்கையாளர்களுக்குப் பிடிக்கும் என்று கேட்டார். ரத்னாம்மா காபியைக் குடிக்காமல் எழுந்தார். திரும்பும் வழியில் பஸ் அத்திப்பள்ளி தாண்டியது. பிறகு, "திருடினதுகூடப் போவட்டும் அண்ணா. என் தப்பப் போயி சாமியாக்கி வெச்சிட்டாங்களே" என்றார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

கடைசிவரை அந்தக் கடைக்கு எழுதிக்கொண்டே இருந்தார். ஒரு பதிலும் இல்லை. நம் ஆட்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? "அவ்ளோ பெரிய கடையில போட்டிருக்காங்கன்னா பெருமதானே, விடும்மா." சொன்னவர்களில் சிலர் இதைப் படித்துக்கொண்டும் இருப்பீர்கள். உங்கள் சம்பளச் சீட்டில் பெயரை எடுத்துவிட்டு 'பாரம்பரியத் தொழிலாளி' என்று அடித்துத் தந்தால் பெருமை என்று வாங்கிக்கொள்வீர்களா?

காரியம் முடிந்த மறுநாள் ரத்னாம்மாவின் மகள் பவித்ரா போன் செய்தாள். இத்தனை நாள் வாய் திறக்காத கடை இப்போது பேசியிருக்கிறது. அம்மா முடிக்காமல் விட்ட குறிப்பு ஏதாவது இருந்தால் உடனே கொடுங்கள், 'ஒரு கிராமத்துத் தாயின் நினைவாக' என்று வெளியிடுகிறோம் என்றார்களாம். "அங்கிள், கடைசியா கையுறை ஒன்னு எழுதிக்கினு இருந்தாங்க. அப்புடியாவது நாலு பேரு பாக்கட்டுமேன்னு தோணுது" என்றாள். பெற்றவளைப் பறிகொடுத்துப் பத்து நாள் ஆன பெண்ணிடம் கத்த முடியுமா? "குடுக்காதத்தா. மொதல்ல எனக்கு அனுப்பு. நான் பின்னிப் பாக்காம உங்கம்மா எதையும் வெளிய விட்டதில்ல" என்றேன்.

அந்தக் கையுறைக்கு அவர் வைத்திருந்த பெயர் 'பஞ்ச்'. குளிரில் வண்டி ஓட்டி வருகிறவர்கள் கேட்டில் உள்ள பஞ்ச் மெஷினில் ரேகை வைக்கக் கையுறையைக் கழற்றி மாட்டி அவதிப்படுவதைப் பார்த்து யோசித்தது. கட்டை விரல் நுனி மட்டும் வெளியே வர ஒரு மடிப்பு உண்டு. எழுதியிருந்தபடியே, ஒரு கண்ணியும் மாற்றாமல் பின்னினேன். முதல் கை அருமையாக வந்தது. இரண்டாவதை முடித்து மாட்டினால், கட்டை விரல் வரவேண்டிய இடத்தில் சுண்டு விரல் நிற்கிறது. மடிப்பு வரும் பக்கத்தை இடது கைக்கு மாற்றி எழுதுமுன் போய்விட்டார். இரண்டுமே வலது கை. பழக்கத்தில் போனை எடுத்து அவர் எண்ணைத் தேடிவிட்டேன். "ரத்னாம்மா, ரெண்டும் சோத்துக்கைதான் வருது" என்று சொல்ல வாய் வரை வந்தது. அப்போதுதான் நான் அழுதேன்.

கடைக்குக் கொடுத்திருந்தால், மலைவாழ் மக்கள் இரண்டு கையுறையையும் வலது கைக்கே பின்னுவது ஆதிகால வழக்கம் என்று அச்சடித்திருப்பார்கள்.

பவித்ரா கடைக்கு முடியாது என்று எழுதிவிட்டாள். இடது கைக்கான வரிசைகளை நான் சரிசெய்து, திரும்ப ஒரு ஜோடி பின்னிப் பார்த்து, ரத்னாம்மாவின் இணையப் பக்கத்திலேயே வெளியிட்டோம். கீழே இப்படிப் போட்டிருக்கிறோம்: 'பஞ்ச். வடிவமைத்தவர் நாகரத்னா. இடது கையைத் திருத்தியவர் முருகேசன். தப்பு இருந்தால் முருகேசனைக் கேட்கவும்.' என் பெயரை அச்சில் பார்த்து டூல் ரூம் மறுபடி சிரித்தது. சிரிக்கட்டும்.

முதலில் பின்னிய அந்த இரண்டு வலது கையுறைகளை நான் பிரிக்கவில்லை. ரத்னாம்மாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அவைதான். இன்று காலையும் பஸ்ஸில் மாட்டிக்கொண்டு வந்தேன். இடது கட்டை விரல் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே திணறுகிறது. என்ன அண்ணா இது, புது ஸ்டைலா என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டார். இது தப்பு, இதை எழுதியவர் பெயர் நாகரத்னா என்று சொன்னேன்.