வாலில் கட்டிய கொழு

எனக்கும் அண்ணனுக்கும் இரண்டு வயதுதான் வித்தியாசம். கை நீட்டுவதில் மட்டும் நான்தான் மூத்தவன். குடாநாட்டை விட்டு வந்து கண்டாவளைப் பக்கம் வயற்காணி எடுத்த பிறகு எங்கள் வீட்டு வளவில் அடிபிடி இல்லாத நாள் குறைவு. எங்களைப் பெற்ற ஐயா மாட்டை அடிப்பார். மாடு கையில் அகப்படாவிட்டால் எங்களை அடிப்பார். நான் அண்ணனை அடிப்பேன். அண்ணனோ ஒருவரையும் திருப்பி அடிக்கமாட்டார். இப்படியும் ஒரு மனிசனா என்று அதற்கும் எனக்குக் கோபம் வரும்.

அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் காற்றாடி. மாங்குளத்தில் பழுதாகிக் கிடந்த லொறியொன்றின் டைனமோவை எப்படியோ கேட்டு வாங்கி வந்தார். நான்கு பாலை மரக் கம்பங்களை நட்டு, உச்சியில் மூன்று பலகைச் செட்டைகளோடு அதைப் பூட்டினார். அது சுற்றினால் கீழே பற்றரிக்குச் சார்ஜ் ஏறும். எவ்வளவு ஏறுகிறது என்பதை ஒரு மீற்றரின் முள் காட்டும். ரேடியோ வைத்திருந்தவர்கள் பற்றரியைச் சைக்கிளில் கட்டிக் கிளிநொச்சிக்கு உழக்கிய காலம் அது. வாய்க்கால் வேலைகளுக்குப் பொறுப்பான இஞ்சினியர் ஒருவர் கேள்விப்பட்டு வந்து பார்த்தார்.

"அடுத்த கிழமையும் வாறன். நல்ல சோளகக் காத்திலை இந்த மீற்றர் முள்ளு விழாமல் நிண்டுதெண்டால், என்ரை வேர்க்சொப்பிலை உன்னை வேலைக்கு எடுக்கிறன்" என்றார்.

ஐயாவின் சாட்டைக்கு எட்டாத இடத்துக்குப் போக அண்ணனுக்கு அதைவிட வேறு வழி இல்லை. படிப்பு இல்லை, காணி ஐயாவின் பெயரில். அவருக்கென்று இருந்தவை அந்த இரண்டு கைகள்தான்.

முள் விழுவதுதான் சிக்கல். காற்றாடியின் பின்னால் தகரத்தில் ஒரு வால் இருந்தது. அண்ணன் அதைக் கொஞ்சம் சாய்த்துப் பூட்டியிருந்தார். காற்று அளவுக்கு மிஞ்சினால் வால் எழும்பி மடியும். காற்றாடி முகத்தைத் திருப்பி வேகம் குறையும். காற்றுத் தணிந்தால் வால் தன் பாரத்தால் இறங்கி, காற்றாடியைப் பழையபடி நேரே பிடிக்கும். ஆனால் வால் முந்திவிட்டது. நல்ல காற்று வரும்போதே முகம் திரும்ப, முள் பூச்சியத்துக்கு வந்து கிடக்கும். அண்ணன் ஒவ்வொரு நாளும் மேலே ஏறி, வாலில் ஒரேயொரு சின்ன இரும்புத் தகட்டைப் பூட்டுவார். இறங்கி மீற்றரைப் பார்ப்பார். திரும்ப ஏறுவார். பார்த்துக்கொண்டிருந்த எனக்குப் பற்றி எரியும்.

"காத்து வரேக்கை பயந்து முகத்தைத் திருப்புறதுக்கு எதுக்கொரு காத்தாடி?" என்று ஒருநாள் கத்தினேன்.

"அது பயந்து திரும்பேல்லையடா. நான் திரும்பச் சொல்லி வைச்சதாலை திரும்புது."

கையில் இருந்த இரும்புக் குறட்டை அவர் மேல் எறிந்தேன். புருவம் வெடித்து இரத்தம் வழிந்தது. சாரத்தின் தலைப்பால் துடைத்துக்கொண்டு அடுத்த தகட்டை எடுத்தார்.

எனக்குக் காற்றைப் பற்றித் தெரிந்ததெல்லாம் பட்டத்தில் படித்தது. ஊரில் வாடைக் காற்றுக்கு ஆளுயரப் பட்டம் ஏற்றியவன் நான். காற்று முறுகிப் பட்டம் குத்தத் தொடங்கினால் வாலுக்குப் பாரம் கட்டுவோம். பட்டம் அசையாமல் நிற்கும். எனக்குத் தெரியாத வாலா இது? இஞ்சினியர் வருவதாகச் சொன்ன அன்று காலை அண்ணன் வாய்க்காலுக்குக் குளிக்கப் போனார். நான் மேலே ஏறி, தேய்ந்த கலப்பைக் கொழு ஒன்றை வாலின் நுனியில் கயிற்றால் இறுக்கிக் கட்டினேன். அண்ணனுக்கு நல்லது செய்கிறேன் என்றுதான் மனதார நினைத்தேன்.

இஞ்சினியர் ஜீப்பில் வந்து இறங்கும்போது சோளகம் புழுதியை வாரி அடித்துக்கொண்டிருந்தது. முள் எழும்பியது. மீற்றரில் அண்ணன் எல்லையாகக் கீறி வைத்த கோட்டைத் தாண்டியும் இறங்காமல் நின்றது. "அருமை, அருமை!" என்றார் இஞ்சினியர். எனக்குத் தலைகால் புரியவில்லை. அண்ணனின் முகம் மட்டும் வெளிறிப் போயிருந்தது.

"வால் ஏனடா எழும்பேல்லை?" என்று என்னைக் கேட்டார்.

 அதற்குள் அடுத்த காற்று அறைந்தது. பக்கத்து வீட்டுக் கூரைக் கிடுகுகள் பறந்தன. செட்டைகள் சுற்றுவது கண்ணுக்குத் தெரியாமல் போய், பலகை வெடிக்கும் சத்தம் கேட்டது. வாலை மடித்துக் காற்றாடியை நிறுத்துவதற்கு அண்ணன் ஒரு கயிறு தொங்கவிட்டிருந்தார். நான் பாய்ந்து அதைப் பிடித்து, கம்பத்தில் காலை உதைந்து இழுத்தேன். கொழுவின் பாரத்துக்கு வால் அசையவில்லை. உள்ளங்கைத் தோல் உரிந்தது. இஞ்சினியர் ஜீப்புக்குப் பின்னால் ஓடி ஒளிந்தார்.

"கயித்தை விட்டிட்டு விலகடா! செட்டை பறக்கப்போகுது!" என்று அண்ணன் அலறினார்.

"விடமாட்டன்! ஏலாட்டி நீங்கள் போங்கோ!" என்று நானும் கத்தினேன். அந்த இரும்பு என்னை வெல்வதா என்ற வெறி. அண்ணன் என் தோளைப் பிடித்து இழுத்தார். முழங்கையால் அவர் நெஞ்சில் இடித்து விழுத்தினேன்.

அவர் எழும்பி, இடுப்பில் இருந்த கத்தியை வாயில் கவ்விக்கொண்டு கம்பத்தில் ஏறினார். மேலே போய்க் கொழுக் கயிற்றை அறுத்தார். கொழு என் காலுக்கு ஒரு சாண் தள்ளி நிலத்தில் குத்தியது. பாரம் விட்டதும் வால் ஒரேயடியாக எழும்பியது. காற்றாடியின் தலை சுழன்று திரும்பியது. செட்டையொன்று அண்ணனின் வலது மணிக்கட்டில் இறங்கியது. இரத்தம் என் முகத்தில் தெறித்தது. மேலே காற்றாடி அவர் செய்து வைத்தபடியே முகத்தைத் திருப்பிக்கொண்டு மெல்லச் சுற்றியது. இஞ்சினியரும் நானும் அவரை இறக்கினோம். இஞ்சினியர் தன் ஜீப்பில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்; நான் வளவிலேயே நின்றுவிட்டேன்.

ஐயா வயலிலிருந்து கோடரியோடு வந்தார். நான்கு கம்பங்களையும் தறித்து விழுத்தினார். விழுந்ததை விறகாகக் கொத்தினார். பிறகு கொழுவைத் தூக்கிக்கொண்டு வந்து என் தலைமயிரைப் பிடித்தார்.

"ஆரடா இதைக் கட்டினது?"

"அண்ணை" என்றேன்.

சீ, என்ன பிறப்பு நான்! ஆனால் அப்படித்தான் சொன்னேன். ஐயா ஆஸ்பத்திரிக்குப் போய் அதே கேள்வியைக் கேட்டார். "ஓம், நான்தான்" என்றார் அண்ணன். கட்டிலில் கிடந்தவரின் கன்னத்தில் ஐயா அறைந்தார். நேர்ஸ் மிஸி ஓடி வந்து மறித்தா.

நாலைந்து நாள் கழித்து இஞ்சினியர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். அதற்குள் அண்ணனின் வலது கையை மணிக்கட்டோடு எடுத்திருந்தார்கள். காற்றாடி வேலை செய்ததைக் கண்ணால் கண்டவர் அவர்; மனவருத்தப்பட்டார். ஒரு கையோடு வேர்க்சொப்பில் நிற்க ஏலாது என்று தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"அப்ப தம்பியை எடுங்கோ. அவனுக்குக் கை பலம்" என்றார் அண்ணன். இஞ்சினியரும் சம்மதித்தார்.

இஞ்சினியர் போனார். கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

"அண்ணை, கொழுவைக் கட்டினது நான்."

"தெரியும். ஏறேக்கையே கண்டனான்."

"அறுத்தால் தலை திரும்பி வெட்டுமெண்டு தெரியாதோ?"

"செய்தவனுக்குத் தெரியாதோ?"

"பிறகேன் அறுத்தனீங்கள்?"

"உன்னை விலகச் சொன்னனான். நீ விலகேல்லையேயடா" என்றார். சொல்லிவிட்டுப் பக்கத்தில் இருந்த தண்ணீர்க் கோப்பையை இடது கையால் எடுக்கப் பார்த்து, படுக்கையெல்லாம் கொட்டிக்கொண்டார்.