கொழுப்பு மாத்திரையும் மூன்று பந்தியும்

மேலப்பாளையத்தில் எனக்கு மெத்தைக் கடை. சவூதியில் பல வருஷம் லாரி ஓட்டித் தூக்கம் கெட்டவன், ஊர் திரும்பியதும் மற்றவர்களைத் தூங்க வைக்கிற தொழிலைப் பிடித்துக்கொண்டேன். வியாபாரம் மோசமில்லை.

போன வருஷம் என் மனைவிக்குச் சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்கப் பாளையங்கோட்டைக்குப் போனோம். துணைக்குப் போன நானும், வந்தது வந்தோமே என்று கையை நீட்டி ரத்தம் கொடுத்தேன். அவளுக்கு ஒன்றும் இல்லை. எனக்குத்தான் கொலஸ்ட்ரால் கூடுதல் என்று வந்தது.

"உங்களுக்கு ரத்தத்துல கொழுப்பு அதிகமா இருக்கு" என்றார் டாக்டரம்மா.

"ரத்தத்துல மட்டுமா டாக்டர்?" என்று கேட்டாள் என் மனைவி.

டாக்டரம்மாவுக்குச் சின்ன வயது. சிரிப்பை மறைக்கக் குனிந்துகொண்டு சீட்டு எழுதினார். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மாத்திரை. உளுந்தம்பருப்பைவிடக் கொஞ்சம் பெரிது. இவ்வளவு சிறியது உடம்புக்குள் போய் என்ன பெரிதாகச் செய்துவிடப் போகிறது என்றுதான் நினைத்தேன்.

ஆரம்பத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு காலையில் எழுந்தபோது, முந்தின நாள் பொதிகை மலை ஏறி இறங்கியவன் போல இரண்டு தொடையும் வலித்தன. நான் ஏறியிருந்ததோ கடை ஏணியில் இரண்டு படி. சரி, மெத்தை தூக்கியதில் பிடித்துக்கொண்டது என்று விட்டுவிட்டேன். வலி என்னை விடவில்லை. தொடையிலிருந்து கெண்டைக்கால், பிறகு இடுப்பு என்று வீடு பார்த்துக் குடிவந்தது.

ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். என் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, யூரிக் ஆசிட்தான் என்று அடித்துச் சொன்னான். அவனுக்கு எதுவென்றாலும் யூரிக் ஆசிட்தான், தலைவலி உட்பட. என் மனைவி குற்றத்தைக் கடைமேல் போட்டாள். "நாள் பூரா மெத்த மேலயே உக்காந்திருக்கிய. ஒடம்பு பஞ்சா ஆகாம என்ன செய்யும்?" என்று சொல்லி, அன்றிலிருந்து என்னைத் தரையில் படுக்கச் சொன்னாள். ஊருக்கெல்லாம் மெத்தை விற்கிறவன் வெறும் போர்வையை விரித்துப் படுத்தேன். காலையில் தரையிலிருந்து எழுந்திருப்பது தனி வேலையாகிப்போனது. முதலில் ஒருக்களிப்பேன். பிறகு முழங்கையை ஊன்றுவேன். பிறகு கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசிப்பேன்.

பள்ளிவாசலிலும் இதே பாடுதான். நெற்றியைத் தரையில் வைத்து எழுந்து நிற்கும்போது கால் சொன்னபடி கேட்காது. அதனால் தூணுக்குப் பக்கத்து இடம் கிடைக்க வேண்டும் என்று பாங்கு சொல்வதற்கு முன்பே போய் உட்கார ஆரம்பித்தேன். என் பக்தியைப் பார்த்து ரெண்டு மூணு பேர் ஆச்சரியப்பட்டார்கள். வழக்கமாக அந்தத் தூணருகே தொழுகிற பெரியவர் மட்டும் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நாற்காலி போட்டுத் தொழலாம்தான். ஆனால் ஒருதடவை அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் ஊர் நம்மைக் கிழவர் கணக்கில் சேர்த்துவிடும். எனக்கு அதற்கு மனசு வரவில்லை.

இந்த நிலைமையில் ஒரு கல்யாணம் வந்தது. சவூதியில் என்னோடு லாரி ஓட்டிய சிநேகிதரின் மகளுக்கு. தரையில் விரிப்புப் போட்டு சஹன் சாப்பாடு. பெரிய தட்டு ஒன்றைச் சுற்றி நாலு பேர் சம்மணம் போட்டு உட்கார்ந்து சேர்ந்து சாப்பிடுவதைத்தான் சஹன் என்போம். நெய்ச்சோறு, ஆட்டுக்கறி, தாளிச்சா. மனைவி பெண்கள் பக்கம் போய்விட்டாள். நான் அளவாகச் சாப்பிட்டேன். கறியைக்கூடப் பயந்து பயந்துதான் தொட்டேன்.

சாப்பிட்டு முடித்த மற்ற மூன்று பேரும் கை கழுவ எழுந்துபோனார்கள். நானும் எழ முயன்றேன். இடது கையை ஊன்றிப் பார்த்தேன். அசையவில்லை. வலது கை முழங்கைவரை நெய். சுற்றிலும் பிடித்துக்கொள்ள ஒரு தூண் கிடையாது. பார்க்கிறவர்களுக்கு, அடுத்த சுற்றுக்கு வசதியாக உட்காருகிறேன் என்று தோன்றியிருக்கும்போல.

"மாமா, சோறு வைக்கவா?" என்று கேட்டார் பரிமாறிய இளைஞர்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தக் கூட்டத்தில் என்னவென்று சொல்வது? "வைங்க" என்றேன்.

புதிதாக மூன்று பேர் வந்து என் சஹனில் சேர்ந்தார்கள். வெளியூர்க்காரர்கள், மரியாதை தெரிந்தவர்கள். நான் கறியை அவர்கள் பக்கம் தள்ள, அவர்கள் அதை என் பக்கமே தள்ளினார்கள். நாங்குநேரியிலிருந்து வந்திருந்தவர் ஒரு நல்ல துண்டைத் தன் கையாலேயே எடுத்து என் முன்னால் வைத்தார். எப்படி வேண்டாம் என்பது? சாப்பிட்டேன். அவர்களும் எழுந்து போனார்கள். நான் போகவில்லை.

மூன்றாவது பந்தி உட்கார்ந்தபோது பெண்ணின் வாப்பாவே, அதாவது என் சிநேகிதரே, என்னைத் தேடி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"என்னவே, சாப்பாடு எப்படி?"

"ரொம்ப நல்லா இருக்குவே."

"அதான் தெரியுதே. மூணாவது பந்தியாமே? சமையல்காரருக்கு ஒரே சந்தோஷம். ஒமக்குன்னு நல்லி எலும்பு எடுத்து வச்சிருக்காரு."

"பைய குனியும்" என்றேன். குனிந்தார். "எனக்கு எந்திரிக்க முடியல. தூக்கி விடும்."

அவர் சஹனைப் பார்த்தார். என் வயிற்றைப் பார்த்தார். "இப்படியா சாப்பிடுவாக?" என்றார், உண்மையான கவலையோடு.

"சாப்பாடு இல்லவே, காலு."

அவர் நம்பவில்லை. பந்தல் வேலையில் நின்ற ரெண்டு பேரைக் கூப்பிட்டார். இருவரும் அக்குளில் கை கொடுத்து என்னைத் தூக்கினார்கள். கூட்டம் வழி விட்டது. யாரோ "பைய, பைய" என்றார்கள். வேறு யாரோ ஒரு சோடாவை உடைத்துக் கையில் கொடுத்தார்கள். மறுத்தால் விளக்கம் சொல்ல வேண்டும். அதனால் அதையும் குடித்தேன்.

நான் கை கழுவி முடிப்பதற்குள் சேதி பெண்கள் பக்கம் போய்விட்டது. வீட்டுக்கு ஆட்டோவில் வரும்போது மனைவி என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"மூணு பந்தியா?"

"ரெண்டரை."

அதன் பிறகுதான் நடந்ததைச் சொன்னேன். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. காலை நீட்டச் சொல்லித் தொடையைத் தொட்டுப் பார்த்தாள்.

"எப்பம் இருந்து இப்படி இருக்கு? மாத்திர போட ஆரம்பிச்ச பெறகுதானே?"

எண்ணிப் பார்த்தேன். அதற்குப் பிறகுதான்.

"எங்க லாத்தாவுக்கும் கொழுப்பு மாத்திர போட்டு இப்படித்தான் கெண்டைக்கால் வலிச்சுது" என்றாள். லாத்தா என்றால் அவளுடைய அக்கா.

எனக்குக் கோபம் வந்தது. "அப்பம் இன்னைக்கே அதத் தூக்கி எறிஞ்சிருதேன்."

"நீங்க என்ன டாக்டரா? கேட்டுட்டு நிறுத்துவோம். நெஞ்ச அடைச்சுப் படுத்துட்டா, தூக்கி விட ரெண்டு பேரு போதாது."

மறுநாள் பாளையங்கோட்டைக்குப் போனோம். டாக்டரம்மா ஒவ்வொன்றாகக் கேட்டார். ரெண்டு காலும் வலிக்கிறதா, படியேறும்போது கூடுகிறதா, வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறேனா. எல்லாவற்றுக்கும் என் மனைவியே பதில் சொன்னாள். சிறுநீர் கறுப்பாகப் போகிறதா என்று கேட்டதும் என் பக்கம் திரும்பி, "இதுக்காவது நீங்க சொல்லுங்க" என்றாள். இல்லை என்றேன்.

"சில பேருக்கு இந்த மாத்திரை ஒத்துக்காம தசை வலிக்கும். உடனே வந்து சொல்லியிருக்கணும். ஏன் சொல்லல?"

"வயசாயிருச்சுன்னு நெனச்சிட்டேன்."

அந்தப் பதில் என் வாயிலிருந்து வந்ததும் எனக்கே கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. இத்தனை நாளும் அந்த எண்ணத்தை யாரிடமும் சொல்லாமல் சுமந்திருக்கிறேன்.

ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். தசைக்குக் கெடுதல் எதுவும் இல்லை. வைட்டமின் டி மட்டும் குறைவு, அதனாலும் வலி கூடியிருக்கலாம் என்றார். வெயில் படாததால் வருவதாம். சவூதி வெயிலில் அத்தனை வருஷம் வெந்தவனுக்கு வெயில் போதாது என்று சொன்னதும், கல்யாணத்தன்று சிரிக்காத சிரிப்பையெல்லாம் சேர்த்து என் மனைவி அங்கேயே சிரித்தாள்.

மாத்திரையைச் சில வாரம் நிறுத்தச் சொன்னார். வலி மெல்ல மெல்ல இறங்கியது. ஒருநாள் கடையில் என்னை அறியாமலே ஏணியின் உச்சிக்கு ஏறி நின்றேன். அந்த உற்சாகத்தில் அடுத்த தடவை டாக்டரம்மாவிடம், இனி மாத்திரை எதற்கு என்று வாதாடிப் பார்த்தேன்.

"வலிதானே போயிருக்கு. கொழுப்பு அங்கதான் இருக்கு" என்றார். வேறொரு மாத்திரை, குறைந்த அளவில், ஒருநாள் விட்டு ஒருநாள் போடச் சொன்னார். கூடவே தினமும் நடக்கவும் சொன்னார்.

ஒருநாள் விட்டு ஒருநாள் என்பது கேட்க எளிதுதான். ஆனால் நேற்றுப் போட்டோமா, முந்தாநாள் போட்டோமா என்று வீட்டில் தினமும் பஞ்சாயத்து. ஒற்றைப்படைத் தேதியில் போடுவோம் என்று நான் தீர்ப்புச் சொன்னேன். முப்பத்தொன்றாம் தேதி வந்ததும் மாட்டிக்கொண்டேன். அன்றும் ஒற்றைப்படை, மறுநாளும் ஒற்றைப்படை. என் மனைவி நேராக டாக்டரம்மாவுக்கே போன் போட்டாள். ஒன்றாம் தேதியை விட்டுவிட்டு மூன்றாம் தேதி போடட்டும் என்று பதில் வந்தது.

இப்போது ரத்தத்தில் கொழுப்பு இறங்கிவிட்டது. கெண்டைக்கால் எப்போதாவது லேசாகக் கடுக்கும். அதுவும் நடந்தால் சரியாகிவிடுகிறது.

காலையில் கருப்பந்துறை ஆற்றுப் பக்கம் இருவரும் நடக்கிறோம். கல்யாணமான கையோடு நான் விமானம் ஏறிவிட்டதால் இப்படிச் சேர்ந்து நடந்ததே கிடையாது. அவள் இவ்வளவு வேகமாக நடப்பாள் என்பது எனக்கு இத்தனை வருஷம் தெரியாது. முன்னால் போய்ப் பாலத்தில் நின்று ஆற்றைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நான் மூச்சு வாங்கிக்கொண்டு பக்கத்தில் போய் நின்றதும், "இன்னைக்குத் தண்ணி கொஞ்சம் கூடுதல்" என்பாள். நானும் எட்டிப் பார்த்து, ஆமாம் என்பேன்.